பன்னிரண்டு கடவம் எரு

கொல்லம் 1111 மாசி 9, வெள்ளி

கும்பப்பூ, மாசிப் போகத்து அறுப்பு, முடிந்தது. கதிர்த்தடி வயலில் கண்ட நெல் இரண்டு கோட்டையும் மூன்று மரக்காலும். போன மாசியில் இதே தடி ஐந்தே முக்கால் கோட்டை தந்தது. முன்பக்கத்துக் கணக்கில் எழுதிவிட்டு, நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். முன்பக்கம் அவர்கள் பார்ப்பதற்கு. பின்பக்கம் எனக்கு. (அவர்கள் என்றால் என் வீட்டுக்காரர். பேரை இதில்கூட எழுதக் கை வரவில்லை.)

தடி பெரிதல்ல. ஆனால் ஆடியில் நிறைபுத்தரிசி நாளன்று கோவிலுக்குப் போகிற முதல் கதிர்க்கட்டை அதில்தான் அறுக்கவேண்டும். அவர்கள் அப்பா, அவருக்கு அப்பா, எல்லாரும் தலையில் சுமந்து போன கட்டு. அந்தக் கதிரைத்தான் கோவில் அர்ச்சகர் போற்றி, பூசை செய்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார். வாசல் நிலையில் கட்டிவைத்தால் வருஷம் முழுக்க அன்னத்துக்குக் குறைவில்லை என்று நம்பிக்கை.

களத்தில் மேலத்தெரு சிவதாணு பிள்ளை சொன்னாராம்: "ஓய், ஆடியிலயும் இப்படிப் பதராப் போச்சுன்னா எங்க வயல்ல அறுத்துக்கிடும். சாமிக்கு எந்த வயலா இருந்தா என்ன?"

அவர்கள் வந்து சாப்பிடவில்லை. மோர் மட்டும்.

மாசி 11

எருக்குழியை எட்டிப் பார்த்தேன். கோழி இரண்டு கிளறிக்கொண்டிருக்கின்றன. வேறு ஒன்றுமில்லை.

மாசி 20

விவசாய இலாகா கிருஷி இன்ஸ்பெக்டர் ஜெயசிங் சைக்கிளில் வந்தார். நாகர்கோவில்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், மரியாதையானவர். வயலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "பிள்ளைவாள், மண்ணுக்குப் பசி. தொழுவத்தில மாடு இல்ல, சாணம் இல்ல. எலும்பு போடுங்க. சுட்டு இடிச்சுப் பொடியாக்கி, பச்சிலையோட சேத்து மிதிச்சா ஒரு பூ வெளைச்சல்லயே தெரியும்."

அவர்கள் எழுந்தே விட்டார்கள். "சாமிக்குக் கதிர் குடுக்கிற தடியில எலும்பா? சுடுகாட்டில விதைக்கச் சொல்லுதீரா வேய்?"

"நான் படிச்சதைச் சொன்னேன்."

"படிச்சது போதும். சைக்கிளை எடும்."

பாவம், கொடுத்த மோரைக் குடிக்காமலே போனார். போகும்போது ஒரு அச்சுக் காகிதத்தை வைத்துவிட்டுப் போனார். அவர்கள் அதைக் கசக்கித் தொழுவத்துக்குள் எறிந்தார்கள். நான் எடுத்துவைத்தேன். அச்செழுத்தை எறிய எனக்கு மனசு வராது. கருப்பட்டி பொதிந்து வந்த காகிதத்திலும் பஞ்சாங்கத்திலும் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான்.

மாசி 21

காகிதத்தை நாலு தடவை வாசித்தேன். அதில் "எலும்பு எரு" என்று போட்டிருக்கிறது.

எரு என்றால் சாணம் என்றுதான் இதுவரை நினைப்பு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளைகள்கூடத் தொழுவத்தைத்தான் காட்டும். யோசித்துப் பார்த்தால் ஆட்டுப்புழுக்கையும் எருதான். கோழி எச்சமும் எரு. ஏதோ ஒரு உயிர் தின்று கழித்ததற்கு அந்தப் பேர். அப்படியானால் அந்த உயிரே விட்டுப்போனதற்கு? அதற்கும் அதே பேர்தானா?

நானே எனக்கு வக்கீல். சீ.

போன ஐப்பசியில் வெக்கை நோயில் நாலு மாடும் ஒரே வாரத்தில் போயின. கடைசியில் லெச்சுமி. பதினோரு வருஷம் அந்தத் தடிக்கு எரு கொடுத்தவள். கீழக்குடியிலிருந்து சுயம்புவும் ஆட்களும் வந்து தூக்கிப்போனார்கள். அவள் கொம்பில் பித்தளைக் குமிழ் இருந்தது, அவர்கள் கோட்டாறு தட்டானிடம் சொல்லிச் செய்து போட்டது. "கழத்தவா நயினாரே?" என்று சுயம்பு கேட்டபோது, "வேண்டாம், அதோட போகட்டும்" என்று திரும்பிக்கொண்டார்கள்.

எலும்பெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம் தரிசில்தான் கிடக்கிறது.

பங்குனி 3

சொல்லிவிட்டேன். யாரிடம் என்றால், இசக்கியிடம். சுயம்புவின் வீட்டுக்காரி, எங்கள் வயலுக்கு எரு சுமக்கிறவள். கொல்லைப்பக்கம் நெல் குத்த வந்தவளைக் கூப்பிட்டு, காகிதத்தில் உள்ளபடி சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"செத்த மாட்டைத் தூக்கவும் நாங்க, எலும்பு பொறுக்கவும் நாங்க. கதிரு மட்டும் உங்களுக்கா அம்மா?"

"ஏட்டி, உனக்கும்தான் கதிர் தருகாரே போற்றி."

"தருவாரு, தருவாரு. மதிலுக்கு வெளிய நின்னா உள்ள இருந்து எறிவாரு. ஆடிக் காத்து. போன வருசம் என் கதிரு ஓடைக்குள்ள போச்சு. அதுக்க முந்தின வருசம் ஆடு தின்னுட்டு. வாசல்ல கட்ட எனக்கு என்னைக்கு அம்மா கெடைச்சுது?"

எனக்கு இது தெரியாது. இருபது வருஷமாக நிறைபுத்தரிசிக்குக் கோவிலுக்குப் போகிறேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு எப்படித் தெரியும்?

"யாரு கேட்டாலும் எருன்னு சொல்லு" என்றேன்.

"எருதானே அம்மா. வேற என்ன?" என்றாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பங்குனி 10

உச்சி நேரத்தில் தரிசில் புகை. கருவேல முள்ளைப் போட்டு மூட்டியிருக்கிறாள். நாற்றம் அக்கரையோடு நின்றது, காற்று அந்தப் பக்கமாக அடித்ததால். முருகா, மன்னித்துக்கொள். விளக்கு ஏற்றும்போது திரி இரண்டுதரம் அணைந்தது.

பங்குனி 14

இசக்கி பனையோலைக் கடவத்தில் சுமந்து வந்து போட்டாள். பன்னிரண்டு கடவம். சாம்பலும் பொடியும் மக்கின கூளமும் கலந்து பார்வைக்கு எரு மாதிரியே இருந்தது.

அவர்கள் என்னிடம் கேட்டார்கள்: "எங்கேருந்துட்டி இம்புட்டு?"

"கீழக்குடியிலேருந்து" என்றேன்.

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

முன்பக்கத்துக் கணக்கில் "எரு, கடவம் 12" என்று எழுதினேன். எத்தனையோ வருஷக் கணக்கு. ஒரு கைப்பிடி உளுந்து குறைந்தாலும் குறைந்தது என்று எழுதியிருக்கிறேன். இன்று அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு, பேனாவைக் கழுவி வைத்தேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை.

சித்திரை 8

விதைத்தாயிற்று. ஊரில் முதல் விதைப்பு நம்முடையது.

வைகாசி 22

பயிர் கிளைத்திருக்கிறது. ஒரு தூருக்கு எண்ணிப் பார்த்தேன்: பதினான்கு, பதினாறு, பதினைந்து. மற்ற வயலில் எட்டு ஒன்பதுதான். சிவதாணு பிள்ளை வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனாராம். அவர்கள் முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு. நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

ஆனி 6

களை எடுப்பு. அவர்கள் மத்தியானமே திரும்பிவிட்டார்கள். கிணற்றடியில் நெடுநேரம் எதையோ கழுவினார்கள். பிறகு, "கொஞ்சம் புளி கொண்டா" என்றார்கள்.

"எதுக்கு?"

"வெத்திலைச் செல்லம் கறுத்துக் கிடக்கு. தேய்க்கணும்."

செல்லப் பெட்டியை அவர்கள் தேய்த்து நான் பார்த்ததே இல்லை. அது என் வேலை. சாயங்காலம் பார்த்தால் செல்லம் அப்படியேதான் கறுத்துக் கிடக்கிறது.

ஆடி 2

கதிர் வந்துவிட்டது. தலை சாய்ந்து நிற்கிறது. நிறைபுத்தரிசிக்கு நாள் குறித்தாயிற்று, பன்னிரண்டாம் தேதி. சொல்லிவிடலாம் என்று இரண்டுதரம் வாயெடுத்தேன். சொன்னால் அவர்கள் கட்டு எடுக்கமாட்டார்கள். எடுக்காவிட்டால் சிவதாணு பிள்ளை எடுப்பார், பிறகு அந்த உரிமை திரும்பி வராது. அவர்கள் அப்பாவின் படத்துக்கு முன்னால் எப்படி நிற்பார்கள்? சொல்லாவிட்டால் சாமிக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன்?

ஆடி 12

விடியுமுன் குளித்து ஈரத்துணியோடு போய் அறுத்து வந்தார்கள். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பிடித்து, கோவில் நடை வரைக்கும். ஊர் முழுக்க, "இந்தத் தடவை கதிர் கொள்ளாம், நல்லா இருக்கு" என்றது. நான் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் "தெரிந்து செய்தேன், தெரிந்து செய்தேன்" என்றே கேட்டது.

போற்றி ஊருக்கெல்லாம் கதிர் கொடுத்தார். மதிலுக்கு வெளியேயும் எறிந்தார். நான் வாங்கவில்லை. தலைவலி என்று பின்னால் நின்றுகொண்டேன். எங்கள் வாசலில் அவர்கள்தான் கட்டினார்கள்.

புத்தரிசிப் பாயசத்தைக் குடிக்காமல் தள்ளிவைத்தேன். அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

ஆடி 13

இனி ஊரில் எந்த வீட்டு நிலையைப் பார்த்தாலும் அது தொங்கும். அறுபது வீடு. அறுபதிலும் என் பொய்.

1112 ஆவணி 4

போற்றியிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். எண்ணெய் கொடுக்கப் போன சாக்கில்.

"சாமி, எருன்னு சொன்னா எதெல்லாம் அதில சேரும்?"

"இதென்ன கேள்வி? சாணம், தழை, சாம்பல்…"

"மீன் சேருமா?"

சிரித்தார். "குளச்சல் கரையில போய்ப் பாரும். தென்னைக்குச் சாளைமீனைக் கூடை கூடையாப் பொதைக்கிறான். அதுக்கு அவன் சொல்லுகது வளம்னு. அந்தத் தேங்காய்தான் கருங்கல் சந்தைக்கு வந்து, அங்கேருந்து இங்க வந்து, தினம் நான் சாமிக்கு ஒடைக்கிறேன். வேரைக் கேட்டா ஒரு தேங்காய் ஒடைக்க முடியுமா தாணம்மா? பூமியில போனதைப் பூமி சுத்தி பண்ணிட்டுத்தான் மேல அனுப்பும்."

எண்ணெய்ச் செம்பைக் கொடுத்துவிட்டு வெளிப்பிராகாரத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன். நெஞ்சில் இருந்ததில் பாதி இறங்கியது. எலும்பு பாதி. பொய் பாதி அப்படியேதான் இருக்கிறது. அதைப் போற்றியிடம் நான் கேட்கவில்லை.

ஆவணி 24

கன்னிப்பூ அறுப்பு. கதிர்த்தடி: ஆறு கோட்டை, ஒரு மரக்கால். இசக்கியின் கூலியோடு நெல் இரண்டு மரக்கால் கூடப் போட்டேன். "எதுக்கு அம்மா?" என்றாள். "எருவுக்கு" என்றேன். "அப்பம் லெச்சுமிக்குத்தான் குடுக்கணும்" என்று சிரித்தாள். அவள் லேசாகச் சொன்னது எனக்கு மட்டும் பாரம்.

1112 ஐப்பசி 28, வெள்ளி

திருவனந்தபுரத்திலிருந்து செய்தி. நேற்று மகாராஜா விளம்பரம் போட்டிருக்கிறார். இந்துவாய்ப் பிறந்த யாருக்கும் இனிக் கோவிலில் தடை கிடையாது. தெருவே இரண்டாகப் பிரிந்து பேசுகிறது.

கார்த்திகை 1

கீழக்குடிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கோவில் நடை வரைக்கும் வந்து, உள்ளே வராமல், கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களாம். யாரும் தடுக்கவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. இசக்கியும் அதில் இருந்தாளாம்.

கார்த்திகை 2

எழுதிவிடுகிறேன், மறக்குமுன்.

காலையில் அவர்கள் சொன்னார்கள்: "நான் இனிக் கோவிலுக்குப் போறதா இல்ல. வீட்டிலயே கும்பிட்டுக்கிடலாம். சிவதாணுவும் அப்படித்தான் சொல்லுகான். மாடு தூக்குகவன் நின்ன எடத்தில நான் எப்படி நிப்பேன்? கதிர்க்கட்டும் இனிக் கிடையாது. யாரும் எடுத்துக்கிடட்டும்."

எட்டு மாதமாக அடக்கி வைத்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. எனக்கு என் குரலே தெரியவில்லை.

"அப்பம் போன ஆடியில கொண்டுபோன கட்டு? அது யாரு கை பட்டதுன்னு தெரியுமா? நீங்க தலையில தூக்கிட்டுப் போனியளே, அது எதில வெளைஞ்சுதுன்னு தெரியுமா? இசக்கி சுட்டு இடிச்ச எலும்பில வெளைஞ்சுது! நான்தான் சொன்னேன், நான்தான் போடச் சொன்னேன், கணக்கில எருன்னு எழுதினதும் நான்தான்! பாவம்னா என்னைச் சேரட்டும். ஆனா அவ கை ஆகும், அவ கால் ஆகாதா?"

சொல்லி முடித்ததும் தூணைப் பிடித்துக்கொண்டேன். அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றேன். இதுவரை கை ஓங்கினது கிடையாது.

அவர்கள் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார்கள். பாக்கு வைக்கிற அறைக்குள் விரலை விட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் தரையில் வைத்தார்கள்.

பித்தளைக் குமிழ். லெச்சுமியின் கொம்பிலிருந்தது. ஒரு பக்கம் தீயில் கருகி, மறுபக்கம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று.

"களை எடுக்கும்போ காலில குத்திச்சு" என்றார்கள். "அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா… தெரிஞ்சுமா கட்டு எடுத்தியள்?"

குமிழை விரலால் உருட்டினார்கள். பிறகு, "உன் கணக்கைப் பாத்தேன். எருன்னு எழுதியிருந்தே. நீ இல்லாததை எழுதமாட்டே" என்றார்கள். குமிழைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "பதினோரு வருசம் அந்தத் தடிக்குப் போட்டவ. செத்த பொறகும் போட்டா. அதை வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நான் அழுதேன். அவர்கள் குமிழைத் திரும்பச் செல்லத்தில் வைத்து மூடினார்கள்.

கோவில் விஷயம் அப்படியே நின்றது.

கார்த்திகை 3

ஒன்று தோன்றுகிறது. ஆனி ஆறிலிருந்து அவர்களும் என்னைப் போலவே தனியாகச் சுமந்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே பாரம், ஆளுக்கொரு மூலையில். நான் பாயசம் குடிக்காத அன்று அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் புரிகிறது.

மார்கழி 11

அவர்கள் இன்னும் கோவிலுக்குப் போகவில்லை. நான் போய் வருகிறேன். திருநீறு கொண்டுவந்து நீட்டினால் பூசிக்கொள்கிறார்கள். இது என்ன கணக்கோ.

பங்குனி 9

இன்ஸ்பெக்டர் ஜெயசிங் தெருவோடு சைக்கிளில் போனார். அவர்கள் கூப்பிட்டார்கள். "வேய், இங்க வாரும். அந்த மோரை இன்னைக்குக் குடிச்சிட்டுப் போம்." அவருக்கு என்ன மோர் என்றே புரியவில்லை. குடித்தார்.

பங்குனி 16

இசக்கி கொண்டுவந்து போட்டாள். கடவம் 14. முன்பக்கத்துக் கணக்கை எழுத எடுத்தால், அவர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். "எலும்பு எரு" என்று எழுதினேன். வாசித்தார்கள். "எ-க்குச் சுழி சரியா விழல" என்றுவிட்டுப் போனார்கள்.

சித்திரை 10

விதைத்தாயிற்று.

ஆடி 9

நாளை நிறைபுத்தரிசி. யார் கட்டு எடுப்பது என்று இன்றைக்கு வரைக்கும் அவர்கள் சொல்லவில்லை. போற்றி ஆள் அனுப்பிக் கேட்டார். சிவதாணு பிள்ளை வரமாட்டேன் என்றுவிட்டாராம். மத்தியானம் வெற்றிலை போட்டுக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னார்கள்:

"ஏட்டி, சுயம்பு வீட்டுக்காரிட்டச் சொல்லி விடு. நாளைக்கு வெள்ளனே கதிரு கட்ட ஒரு ஆளு கொறையுது."

"வயல் வரைக்குமா?"

"கட்டினவ கூட வந்தாத்தான் கட்டு அவிழாது."

ஆடி 10

மூன்று பேரும் நடந்தோம். முன்னால் அவர்கள், தலையில் கட்டு. நடுவில் நான். பின்னால் இசக்கி, வெளுத்த சேலை, ஈரத் தலை. கோவில் நடையில் அவள் நின்றுவிட்டாள். கால் எழும்பவில்லை. அவர்கள் திரும்பிப் பார்க்காமலே, "கட்டு சரியுது, பிடி" என்றார்கள். கட்டு சரியவில்லை. நான் பார்த்தேன். அவள் ஓடிவந்து பிடித்தாள். அப்படியே உள்ளே வந்துவிட்டாள்.

கொஞ்சம் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு வீட்டார் எழுந்து போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள்.

பூசை முடிந்து போற்றி வரிசையாகக் கதிர் கொடுத்தார். எனக்கு ஒன்று. இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன். இசக்கியின் முன்னால் வந்ததும், பழக்கத்தில் கை எறியத்தான் ஓங்கியது. பிறகு போற்றி கையைத் தாழ்த்தி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணியை விரலால் தொட்டாள். என்னிடம் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "லெச்சுமி நல்லா வெளைஞ்சிருக்கா அம்மா" என்றாள்.

"யாரு லெச்சுமி?" என்று கேட்டார் போற்றி.

அவர்கள்தான் சொன்னார்கள், சிரிக்காமல்: "எங்க வீட்டுப் பசு, சாமி. இப்பம் எரு."

போற்றி அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆவணியில் நான் கேட்ட கேள்வி நினைவு வந்திருக்கவேண்டும். அடுத்த ஆளுக்குக் கதிர் கொடுக்கப் போனார்.

வெளியே வந்தால் நல்ல காற்று. ஓடைப்பக்கமாகவே இழுத்தது. இசக்கி கதிரை இரண்டு கையாலும் பொத்தி, மாரோடு அணைத்துக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டியபடி வீடு வரைக்கும் நடந்தாள்.